டயாலிசிஸ் மிஷின் நள்ளிரவில் அலாரம் அடித்தால் யார் பதில் சொல்வது?

வீட்டிலேயே டயாலிசிஸ் என்பது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இன்று யாரும் கேள்விப்படாத விஷயம் அல்ல. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். அதன் மேல் சின்ன சூட்கேஸ் அளவில் ஒரு மிஷின். அதன் தலையில் மெல்லச் சூடாகிக் கொண்டிருக்கும் ஒரு திரவப் பை. இரவு இணைத்துக்கொண்டு படுத்தால், காலையில் கழற்றிவிட்டு வேலைக்குக் கிளம்பலாம். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், டிராஃபிக்கில் டயாலிசிஸ் சென்டருக்கு அலைய வேண்டியதில்லை.

எல்லாம் ஒழுங்காக நடக்கும் வரை இது நிம்மதியான சிகிச்சை. சிக்கல் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வருகிறது: உள்ளே போன திரவம் வெளியே வர மறுக்கும்போது.

"டிரெயின் ஆகல." நள்ளிரவில் இந்த இரண்டு வார்த்தையும் கேட்டால் வீடே எழுந்து உட்கார்ந்துவிடும். அந்த நேரத்தில் பலரும் எடுக்கும் முடிவு இரண்டில் ஒன்று. 'மிஷின் ரிப்பேர், காலையில் கம்பெனிக்கு போன் போடலாம்' என்று விட்டுவிடுவது. அல்லது, சத்தம் நின்றால் போதும் என்று அடுத்த கட்டத்துக்குத் தாண்டும் பட்டனை அழுத்திவிடுவது. இரண்டுமே தப்பு. அந்த அலாரத்துக்குக் காரணம் பெரும்பாலும் மிஷினுக்குள் இருப்பதில்லை. டியூபிலோ உடம்பிலோ இருக்கிறது. அதைப் படிக்கக் குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர்களால் முடியாதபோது போனை எடுக்க ஓர் ஆள் இருக்க வேண்டும். வீட்டுக்கு மிஷினையும் பையையும் கொண்டுவந்து இறக்குவதோடு சிகிச்சை முடிந்துவிடுவதில்லை.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

வயிற்றின் உள்பக்கத்தையும் குடலையும் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வுக்குப் பெயர் பெரிடோனியம். அதில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் நிறைய. வயிற்றில் நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட மென்மையான குழாய் (கதீட்டர்) வழியாக, குளுக்கோஸ் கலந்த திரவம் உள்ளே விடப்படுகிறது. பெரியவர்களுக்கு வழக்கமாக ஒரு முறைக்குச் சுமார் 2 லிட்டர். சில மணி நேரம் அது உள்ளே தங்கும். ரத்தத்தில் உள்ள யூரியா போன்ற கழிவுகள் சவ்வு வழியாகத் திரவத்துக்கு வந்துசேரும். குளுக்கோஸ், உடம்பில் தேங்கிய அதிகப்படி நீரையும் இழுத்துக்கொள்ளும். பிறகு அந்தத் திரவத்தை வெளியேற்றிவிட்டு, புதியதை நிரப்புவார்கள்.

இதைக் கையாலேயே ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை செய்தால் அது சிஏபிடி. இரவில் 8 முதல் 10 மணி நேரத்துக்குள் மிஷினே பல சுற்றுகளாகச் செய்தால் அது ஏபிடி. மிஷினுக்கு 'சைக்ளர்' என்று பெயர். இந்தியாவில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் பெரும்பாலோர் ரத்த டயாலிசிஸ்தான் செய்கிறார்கள். வயிறு வழி டயாலிசிஸ் செய்பவர்கள் சிறுபான்மை. அவர்களிலும் மிஷின் வைத்திருப்பவர்கள் இன்னும் குறைவு, காரணம் செலவு. பகலில் வேலைக்குப் போக வேண்டியவர்களுக்கும், பள்ளிக்குப் போகும் குழந்தைகளுக்கும் மிஷின் பெரிய உதவி.

ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று மிஷின் கணக்கு வைக்கும். வர வேண்டிய அளவு வராவிட்டாலோ, ஓட்டம் நின்றுபோனாலோ அலாரம் அடிக்கும். அதாவது, 'உள்ளே இன்னும் திரவம் மிச்சமிருக்கலாம், பார்' என்று சொல்கிறது.

முதலில் டியூப், அடுத்து உடம்பு, கடைசியில் மிஷின்

அலாரம் அடித்தால் எந்த வரிசையில் பார்ப்பது என்பதுதான் முக்கியம். எதையும் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இணைப்பு எதையும் கழற்றக் கூடாது. தூக்கக் கலக்கத்தில் கழற்றி மாட்டினால் கிருமி உள்ளே போக அதுவே வழி.

முதலில் டியூப். நோயாளியின் வயிற்றில் தொடங்கி மிஷின் வரை, மிஷினிலிருந்து கழிவுப் பை வரை விரலால் தொட்டபடியே போய்ப் பார்க்க வேண்டும். கிளாம்ப் எதுவும் மூடியிருக்கிறதா? டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா? தூக்கத்தில் புரண்டு அதன் மேலேயே படுத்துவிட்டாரா? கட்டில் காலுக்கோ, ஸ்டூலுக்கோ அடியில் மாட்டியிருக்கிறதா? பேன்ட் எலாஸ்டிக், பெல்ட், கட்டு இவற்றுக்குக் கீழே கதீட்டர் நசுங்கியிருக்கிறதா? பல இரவுகளில் பிரச்சினை இங்கேயே முடிந்துவிடும்.

அடுத்து உயரம். மிஷின் இருக்கும் மட்டமும் நோயாளி படுத்திருக்கும் மட்டமும் ஒத்துப்போக வேண்டும். பயிற்சியில் கட்டில் உயரத்துக்குக் கணக்குப் பண்ணி ஸ்டூல் வைத்திருப்பார்கள். வெயில் காலத்தில் "தரையில பாய் போட்டுப் படுத்துக்கறேன்" என்று அப்பா கீழே இறங்கிவிட்டால் அந்தக் கணக்கு மாறிவிடும். படுக்கும் இடத்தை மாற்றினால் மிஷினின் இடத்தையும் மாற்ற வேண்டும். எவ்வளவு உயர வித்தியாசம் வரை ஏற்கும் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். பயிற்சி தந்த நர்ஸிடம் கேட்டுச் சுவரில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, படுத்திருக்கும் நிலை. இடப்பக்கம், வலப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லலாம். எழுந்து உட்காரவோ, டியூபின் நீளம் இடம் கொடுத்தால் நிற்கவோ சொல்லலாம். உள்ளே கதீட்டரின் நுனி ஒரு பக்கம் ஒட்டியிருந்தால் இதில் விடுபட்டு ஓட்டம் தொடங்கும். சிறுநீர் இன்னும் போகிறவர்கள் என்றால், பாத்ரூம் போய்விட்டு வந்த பிறகு பார்க்கலாம். நிரம்பிய சிறுநீர்ப்பையும் கதீட்டரை அழுத்தும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஓடவில்லை என்றால் ஒரு கேள்வி உதவும்: உள்ளே போவதும் தடைபடுகிறதா, வெளியே வருவது மட்டுமா? இரண்டும் தடைபட்டால் டியூப் மடிந்திருக்கலாம், அல்லது கதீட்டருக்குள் அடைப்பு இருக்கலாம். திரவத்தில் வெள்ளை நூல் போல, முட்டை வெள்ளைக் கரு போல மிதப்பது ஃபைப்ரின் என்ற புரதம். அது சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அதற்கு மருந்து உண்டு, ஆனால் அது டாக்டர் சொல்லி, சொன்ன அளவில் சேர்க்க வேண்டியது. ஊசி சிரிஞ்சை மாட்டி வீட்டில் யாரும் அடித்துப் பார்க்கக் கூடாது. உள்ளே நன்றாகப் போகிறது, வெளியே மட்டும் வரவில்லை என்றால் கதீட்டரின் நுனி இடம் மாறியிருக்கலாம், அல்லது குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புச் சவ்வு அதைச் சுற்றிக்கொண்டிருக்கலாம். ஓர் எக்ஸ்ரே எடுத்தால் நுனி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பேச வெட்கப்படும் காரணம்

டிரெயின் பிரச்சினைக்கு மிகச் சாதாரணமான காரணம் மலச்சிக்கல். குடல் நிரம்பி வீங்கினால் பக்கத்திலிருக்கும் கதீட்டரை நசுக்கும், நகர்த்தியும் விடும். மிஷினைப் பழிப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, "கடைசியா எப்போ மோஷன் போச்சு?" என்பதுதான்.

நம் வீடுகளில் இது கேட்கப்படுவதில்லை. மருமகள் மாமனாரிடம் கேட்கத் தயங்குவார். மாமனார் சொல்லவும் மாட்டார். சிறுநீரக நோயாளிகளுக்கோ மலச்சிக்கல் வர ஏகப்பட்ட காரணங்கள். தண்ணீர் அளவோடுதான் குடிக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையும், பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தத் தரும் கால்சியம் மாத்திரையும் மலத்தை இறுக்கும். நடமாட்டம் குறைவு. தினமும் மோஷன் போனதா என்று டயாலிசிஸ் நோட்டில் ஒரு டிக் போட்டுவிட்டால், வாய் திறந்து கேட்க வேண்டிய சங்கடமும் இல்லை.

டாக்டர் எழுதித் தரும் மலமிளக்கி இதற்கு உண்டு. ஆனால் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் பேதி உப்பை வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது. அது மக்னீசியம் உப்பு. வேலை செய்யாத சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. பாஸ்பேட் கலந்த பேதி மருந்துகளும் அப்படித்தான்.

பேப்பர் எழுத்து தெரிகிறதா?

வெளியே வந்த திரவம் எப்படி இருக்கிறது என்பது, எவ்வளவு வந்தது என்பதைவிட முக்கியம். நல்ல திரவம் இளமஞ்சளாக, தெளிவாக இருக்கும். வயிறு வழி டயாலிசிஸ் கற்றுத்தரும் இடங்களில் சொல்லித்தரும் எளிய சோதனை இது: கழிவுப் பைக்கு அடியில் ஒரு நியூஸ் பேப்பரை வைத்து, பையின் வழியே எழுத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். எழுத்து தெரிந்தால் நல்லது. கலங்கித் தெரியவில்லை என்றால், அது பெரிடோனைட்டிஸ் என்ற கிருமித் தொற்றாக இருக்கலாம்.

கலங்கிய திரவம், வயிற்று வலி, காய்ச்சல் இவற்றில் எது இருந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. அந்தக் கழிவுப் பையைக் கொட்டாமல், அப்படியே எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதிலிருந்து எடுக்கும் மாதிரியில் வெள்ளை அணுக்களை எண்ணி, கிருமியை வளர்த்துப் பார்த்துத்தான் மருந்தை முடிவு செய்வார்கள். தாமதித்தால் சவ்வே கெட்டுப்போகலாம். அத்தோடு வீட்டு டயாலிசிஸ் முடிந்துவிடும். சிலருக்கு உயிருக்கே ஆபத்து.

தாண்டிப் போகும் பட்டன்

சைக்ளரில் ஒரு கட்டத்தைத் தாண்டி அடுத்ததற்குப் போக வழி இருக்கும். அது பயிற்சி பெற்றவர்கள், காரணம் தெரிந்து பயன்படுத்த வேண்டியது. பாதி தூக்கத்தில் சத்தத்தை நிறுத்துவதற்கான பட்டன் அல்ல.

கணக்கு எளிது. உள்ளே 2 லிட்டர் போனது. 1 லிட்டர்தான் வெளியே வந்தது. தாண்டினால், மிஷின் அடுத்த 2 லிட்டரை உள்ளே விடும். வயிற்றில் 3 லிட்டர் ஆகிவிட்டது. அடுத்த சுற்றிலும் அதையே செய்தால்? வயிறு உப்பும், நுரையீரலை மேலே தள்ளும், மூச்சுத் திணறும். இதயம் பலவீனமானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆபத்து அதிகம். இந்த மிகை நிரப்பு உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போகலாம் என்று அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமே எச்சரித்திருக்கிறது. வயிறு கனத்து, மூச்சு வாங்கினால் நோயாளியை உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, நிரப்புவதை நிறுத்தி, பயிற்சியில் சொன்னபடி வெளியேற்ற வேண்டும். மூச்சுத் திணறல் குறையவில்லை என்றால் 108.

எல்லா அலாரமும் ஆபத்து என்று அர்த்தமில்லை. பகல் முழுக்க உள்ளே தங்கிய திரவத்தில் கொஞ்சத்தை உடம்பே உறிஞ்சியிருக்கலாம். அப்போது முதல் டிரெயினில் அளவு குறைவாகத்தான் வரும். தினமும் ஒரே நேரத்தில் இப்படி அலாரம் அடித்தால், டாக்டர் மிஷினின் அளவை மாற்றி அமைப்பார். ஒவ்வொரு முறையும் முழுக்க வடிக்காமல் கொஞ்சம் மிச்சம் வைக்கும் முறையும் இருக்கிறது. ஆனால் இதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். அதற்கு அவருக்கு வேண்டியது நோட்டில் எழுதிய கணக்கு: தேதி, உள்ளே போனது, வெளியே வந்தது, காலை எடை, பிரஷர். அலாரம் அடித்தபோது திரையில் வந்த எழுத்தையும் கழிவுப் பையையும் போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் பாதி விளக்கம் மிச்சம்.

கரண்ட் போனால், மழை வந்தால்

மேற்குப் புறநகர்க்காரர்களுக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டை மூழ்கியது. சென்னையின் பல பகுதிகளில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அப்படியொரு இரவில் சைக்ளரை நம்பியிருக்கும் வீடு என்ன செய்யும்?

பதில் ஒன்றுதான்: கையால் செய்யும் முறையை மறக்காமல் இருப்பது. மிஷின் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் கையால் செய்வதற்கான பைகள் சில நாளைக்காவது கையிருப்பில், தரைத்தளத்தில் இல்லாமல் உயரத்தில், நனையாத இடத்தில் இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை மிஷின் இல்லாமல் செய்து பழகினால் கை மறக்காது. இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று மிஷினை அதில் மாட்டிவிடவும் கூடாது. திரவத்தைச் சூடாக்கும் தட்டு அதிக மின்சாரம் இழுக்கும். எந்த இன்வெர்ட்டர் தாங்கும் என்று டெக்னீஷியனிடம் கேட்டுத்தான் இணைக்க வேண்டும்.

டிரெயின் டியூபின் முனையை நேராக டாய்லெட்டில் விடும் வீடுகள் மழைக் காலத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சாக்கடை பின்னோக்கிப் பொங்கினால் முனை அழுக்குத் தண்ணீருக்குள் மூழ்கும். அந்த நாட்களில் கழிவுப் பையிலேயே சேகரிப்பது பாதுகாப்பு.

பை வீட்டுக்கு வருகிறது, உதவி வருகிறதா?

வயிறு வழி டயாலிசிஸ் சென்னைக்குப் புதிதல்ல. இந்தியாவில் சிஏபிடி 1991-ல் தொடங்கியது. அதைப் பரப்பிய முன்னோடிகளில் ஒருவர் சென்னையின் சிறுநீரக மருத்துவர் ஜார்ஜி ஆபிரகாம். மத்திய அரசின் பிரதமர் தேசிய டயாலிசிஸ் திட்டம் 2016-ல் வந்தது. அதில் வயிறு வழி டயாலிசிஸுக்கான வழிகாட்டுதல்கள் 2019-ல் வெளியாயின. தமிழ்நாடு ஒரு படி முன்னே போனது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சுகர், பிரஷர் மாத்திரைகளோடு சிஏபிடி பைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதும் சேர்க்கப்பட்டது. ஒரு சிறுநீரக நோயாளியின் வாசலுக்கு அரசு வந்து நிற்பது சின்ன விஷயமில்லை. பாராட்ட வேண்டும்.

ஆனால் பை பகலில் வருகிறது. அடைப்பு இரவில் வருகிறது. அந்த நேரத்தில் யாருக்குப் போன் போடுவது என்பது, நோயாளி எந்த மருத்துவமனையில் பதிவு செய்திருக்கிறார், எந்த கம்பெனியின் மிஷின், எந்த நர்ஸின் சொந்த நம்பர் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்த அதிர்ஷ்டமாக இருக்கக் கூடாது. மின்சார ரயில் நின்றுவிட்ட பிறகு, ஆவடியிலிருந்து சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்குப் போவது ஒரு தீர்மானம். கிளாம்ப் மூடியிருந்ததற்காக அவ்வளவு தூரம் போவதும் வீண். திரவம் கலங்கியிருந்தும் போகாமல் விடுவது ஆபத்து. இரண்டையும் பிரித்துச் சொல்ல, ஐந்து நிமிடம் பேசத் தெரிந்த ஒருவர் போதும்.

இதற்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டாம். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண் ஏற்கெனவே இருக்கிறது. அதில் இரவு ஷிஃப்டில், வயிறு வழி டயாலிசிஸ் பயிற்சி பெற்ற ஒரு நர்ஸை அமர்த்தலாம். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கத்து அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றிலும், கழிவுப் பையை வாங்கி மாதிரி எடுக்கவும், ஓர் எக்ஸ்ரே எடுத்துச் சிறுநீரக மருத்துவருக்கு அனுப்பவும் தெரிந்த ஒருவராவது பணியில் இருக்கலாம். மிஷின் விற்கும் கம்பெனிகள், எந்த அலாரத்துக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று பெரிய எழுத்தில், தமிழில், ஒரே பக்கத்தில் அச்சடித்து மிஷினோடு தர வேண்டும். புயலுக்கு முன் படகும் பால் பாக்கெட்டும் தயார் செய்வது போல, வீட்டில் டயாலிசிஸ் செய்பவர்களின் முகவரிப் பட்டியலும் மண்டல அலுவலகத்தின் கையில் இருக்க வேண்டும்.

"சில நூறு பேருக்காக இவ்வளவா?" என்ற கேள்வி வரும். பேர் குறைவாக இருப்பதற்கே இதுவும் ஒரு காரணம் என்பதுதான் பதில். ராத்திரியில் தனியாக மாட்டிக்கொள்வோம் என்ற பயம் இருக்கும் வரை, யார் வீட்டு டயாலிசிஸைத் தேர்ந்தெடுப்பார்கள்? ஹாங்காங் 1985 முதல் வயிறு வழி டயாலிசிஸுக்கே முதலிடம் என்ற கொள்கையை நடத்திவருகிறது. தாய்லாந்து 2008-ல் அதே வழியில் போனபோது, நர்ஸ்களும் கிராமச் சுகாதாரத் தன்னார்வலர்களும் நோயாளிகளின் வீடுகளுக்குப் போய் உதவினார்கள். அங்கே பையோடு ஆளும் போனார்.

ஒரு தொற்றால் சவ்வு கெட்டு, வீட்டில் சிகிச்சை எடுத்தவர் வாரம் மூன்று நாள் சென்டருக்குப் போக ஆரம்பித்தால், அந்தச் செலவும் பெரும்பாலும் அரசுக் காப்பீட்டின் தலையில்தான் விழும். கூடவே துணைக்குப் போகிற மகனோ மகளோ லீவு போட வேண்டும். சில வீடுகளில் வேலையையே விட வேண்டும். தொழிற்பேட்டையிலும் ஐடி பார்க்கிலும் சம்பளம் வாங்கும் தலைமுறைக்கு இது அப்பா, அம்மாவின் பிரச்சினை மட்டுமல்ல.

அரசும் கம்பெனியும் அசையும் வரை காத்திருக்காமல், குடும்பங்கள் இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. டயாலிசிஸ் யூனிட்டுக்கு அடுத்த முறை போகும்போது, "நைட்ல டிரெயின் ஆகலைன்னா யாருக்கு போன் பண்ணணும்? எடுப்பாங்களா?" என்று நேராகவே கேட்கலாம். கிடைக்கும் நம்பரை மிஷின் மேலேயே ஒட்டி வைக்கலாம். நம்பர் கிடைக்கவில்லை என்றால், அதை எழுத்தில் கேட்கலாம். கேட்கிறவர்கள் நாலு பேர் ஆனால்தான் ஐந்தாவது வீட்டுக்கு அந்த நம்பர் கிடைக்கும்.